ஒரே ஒரு பிளக் பாயிண்ட் உள்ள அறையில் பேபி மானிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருப்பது முதல் மாடி வாடகை வீடு. படுக்கையறைக் கதவை ஒட்டி, தோள் உயரத்தில் ஒரே ஒரு ஸ்விட்ச் போர்டு. அதில் ஒரே ஒரு 5 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட். ஏ.சி.க்கென்று மேலே தனியாக ஒரு 15 ஆம்ப்ஸ். மகளுக்கு மூன்றாம் மாதம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து இங்கே வந்தபோது, கொசு மெஷின், நைட் லேம்ப், போன் சார்ஜர், குழந்தையை வேறு அறையிலிருந்து போனில் பார்க்கப் புதிதாக வாங்கிய கேமரா (இதுதான் எங்கள் பேபி மானிட்டர்) எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைப் பிளக்தான். அப்போது சில தவறுகள் செய்தேன், பிறகு திருத்தினேன். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் சொந்தக்காரப் பெண்களும் ஆபீஸ் தோழிகளும் அதைப் பற்றி என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் வீடுகளில் குழந்தை அம்மா பக்கத்தில்தானே தூங்குகிறது? மானிட்டர் எதற்கு?

இரவுக்குத் தேவையில்லை, பகலுக்குத்தான் வேண்டும். ஏ.சி. போட்டால் கதவைச் சாத்த வேண்டும். சாத்திவிட்டு சமையலறைக்குப் போனால் குக்கர் விசில், மிக்ஸி, எக்ஸாஸ்ட் ஃபேன் என்று ஒரே சத்தம். மாடியில் துணி காயப் போடப் போனால் கேட்கவே வேண்டாம். குழந்தை பத்து நிமிடம் அழுது முகம் சிவந்த பிறகுதான் தெரியும். மானிட்டர் அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

இரவில் குழந்தையைத் தனி அறையில் விட்டு மானிட்டரை நம்பலாமா என்று கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் புதுப்பித்த பரிந்துரையும் அதையேதான் சொல்கிறது: குறைந்தது ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.

பிளக் ஒன்றுதான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எல்லோரும் பிளக்கிலிருந்து ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். பிளக் இங்கே இருக்கிறது, வயர் ஒன்றரை மீட்டர், ஆகவே கேமரா இங்கே, ஆகவே தொட்டில் இங்கே என்று கணக்குப் போட்டேன். கேமராவைத் தொட்டிலின் கம்பியிலேயே கிளிப் போட்டு மாட்டியிருந்தேன். முகம் நன்றாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

மகளுக்கு ஏழு மாதம் நடந்தபோது ஒரு மதியம், அடுப்படியில் நின்றபடி போனைப் பார்க்கிறேன், திரையில் குழந்தையைக் காணோம். சீலிங் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், கம்பியைப் பிடித்து முட்டி போட்டு எழுந்து நிற்கிறாள். வெள்ளை வயரை இரண்டு கையாலும் உருவி வாயில் வைத்திருக்கிறாள். மீதி வயர் அவள் தோளைச் சுற்றி முதுகுப் பக்கம் போயிருந்தது. அதுவரை அவள் எழுந்து நின்றதே இல்லை. முதல் தடவை நின்றதே அந்த வயரைப் பிடிக்கத்தான்.

அன்றைக்கு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் குழந்தை படுக்கும் இடம். அங்கிருந்து சுற்றிலும் ஒரு மீட்டருக்குள் எந்த வயரும், எந்த அடாப்டரும், எந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வரக் கூடாது. அந்த வட்டத்துக்கு வெளியே கேமரா. கடைசியில்தான் பிளக். பிளக்குக்கும் கேமராவுக்கும் இடையே எவ்வளவு தூரம் வந்தாலும் அதற்கு வழி உண்டு. குழந்தையின் கைக்கும் வயருக்கும் இடையே தூரம் இல்லையென்றால் அதற்கு வழியே இல்லை.

ஒரு மீட்டர் என்பது எங்கிருந்து வந்த கணக்கு?

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்வது 3 அடி. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு மீட்டர். அங்கே கேமரா வயர் கழுத்தில் சுற்றி இரண்டு குழந்தைகள் இறந்த பிறகு, 2011-இல் சுமார் 17 லட்சம் வீடியோ மானிட்டர்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. அந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஒரு வயதுகூட ஆகவில்லை. கருவியில் பழுது எதுவும் இல்லை. வயர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

குழந்தை படுத்திருக்கும்போது அளக்காதீர்கள். தொட்டிலுக்குள் எழுந்து நின்று, கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் எவ்வளவு தூரம் எட்டும் என்று அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தொட்டில் கிடையாது, தூளிதான். அதற்கும் இதே கணக்கா?

தூளிக்கு இன்னும் அதிகம் வேண்டும். தூளி நின்ற இடத்தில் நிற்காது. ஆட்டும்போது இரண்டு பக்கமும் எவ்வளவு போகிறதோ, அந்தக் கடைசிப் புள்ளியிலிருந்து ஒரு மீட்டர் அளக்க வேண்டும். ஸ்பிரிங் போட்ட தூளியென்றால் மேலும் கீழும் போகும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

தூளிக் கொக்கியிலோ கயிற்றிலோ கேமராவைக் கட்டவே கூடாது. மேலிருந்து முகம் தெரியும் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வயர் கயிறோடு சேர்ந்து ஆடும், கேமரா நேராகக் குழந்தையின் முகத்துக்கு மேலே தொங்கும். அதோடு, தூளிச் சேலை மூடிக்கொண்டால் எந்தக் கேமராவுக்கும் உள்ளே தெரியாது. தூளிக் குழந்தைக்குச் சத்தம் மட்டும் கேட்கும் மானிட்டரே போதும் என்பது என் கருத்து.

ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார். கேமராவை எங்கே வைப்பது?

சென்னை வீடுகளில் பெரும்பாலும் படுக்கையறையில் ஒரு லாஃப்ட் இருக்கும். அதன் விளிம்புதான் நல்ல இடம். ஏழடி உயரத்திலிருந்து சாய்வாகக் கீழே பார்க்கும்போது முழுப் படுக்கையும் தெரியும், யார் கையும் எட்டாது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே செருகாமல், முன்னால் ஒரு சாண் இடத்தை ஒழித்து வையுங்கள். பெட்டி சரிந்தால் கேமராவோடு விழும்.

அடுத்தது பீரோவின் மேல். அடியில் காந்தம் உள்ள கேமரா இரும்பு பீரோவில் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். பீரோவின் பின்னாலோ அதற்கும் சுவருக்கும் நடுவிலோ மட்டும் வைக்காதீர்கள். இரும்பு வைஃபையை மறித்துவிடும்.

டபுள் சைடு டேப்பை நம்பாதீர்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. விழும்போது பெயிண்ட்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும், அதைவிட ஒரு சின்ன ஆணி ஓட்டை மேல். ஓனரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குழந்தைக்காக என்று சொன்னதும் எங்கள் ஓனர் மாமி மறுக்கவில்லை. நீளமாகப் போகும் வயருக்கு கிளிப் ஆணி போதும், முக்கால் அடிக்கு ஒன்று.

ஒரு பிளக்கில் இத்தனை மாட்டினால் லோடு தாங்குமா?

தாங்கும், கணக்கைப் பாருங்கள். கேமரா 5 வாட், கொசு மெஷின் ஏறக்குறைய அதே அளவு, நைட் லேம்ப் அதற்கும் கீழே, போன் சார்ஜர் 20 வாட், ஒரு டேபிள் ஃபேன் 50 வாட். எல்லாம் சேர்த்தாலும் நூறு வாட்டுக்குள்தான். 5 ஆம்ப்ஸ் பிளக் என்றால் 230 வோல்ட்டில் ஆயிரம் வாட்டுக்கு மேல் தாங்கும்.

ஆபத்து இரண்டு விஷயத்தில் இருக்கிறது. ஒன்று, அதே பாக்ஸில் 1500 வாட் கெட்டிலையோ அயர்ன் பாக்ஸையோ யாராவது கொண்டு வந்து செருகுவது. பால் பாட்டில் சூடு பண்ணத்தானே என்று தோன்றும். அதைச் சமையலறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, லூஸ் காண்டாக்ட். பழைய பிளக் பாயிண்டில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருக்கும். பின்னை அசைத்தால் "கிர்ர்" என்று ஒரு சத்தம் வரும், பிளக்கின் முகம் லேசாகப் பழுப்பேறியிருக்கும், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். லோடு குறைவாக இருந்தாலும் அந்த இடம் கருகலாம். எங்கள் போர்டில் அப்படித்தான் இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சாக்கெட்டை மட்டும் மாற்றினார், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. புது ஸ்பைக் பஸ்டர் (ஸ்விட்சோடு வரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்) வாங்குவதற்கு முன்னால் சாக்கெட்டைப் பாருங்கள்.

மல்டி பிளக் போதாதா? ஸ்பைக் பஸ்டர்தான் வேண்டுமா?

மல்டி பிளக் சாக்கெட்டிலேயே தொங்கும். அதில் மூன்று அடாப்டரை மாட்டினால் எடை முழுவதும் பின்னின் மேல் இறங்கி, நான் மேலே சொன்ன லூஸ் காண்டாக்ட்டில் கொண்டுபோய் விடும். தனி ஸ்விட்ச் உள்ள, த்ரீ பின் ஸ்பைக் பஸ்டரே நல்லது. அதை ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே சுவரில் மாட்டிவிடுங்கள். தரையில் போட்டால் தவழும் குழந்தை நேராக அதனிடம்தான் போகும், மாப் போடும்போது தண்ணீரும் படும். படுக்கைக்கு அடியிலோ பாய்க்கு அடியிலோ வயரை விடாதீர்கள்.

எல்லார் வீட்டிலும் நடக்கும் இன்னொன்றையும் சொல்கிறேன். கேமராவின் டூ பின் அடாப்டர் ஷட்டர் உள்ள சாக்கெட்டில் இறங்காது. உடனே பென்சில் முனையால் மேல் ஓட்டையை அழுத்திப் பிடித்து உள்ளே தள்ளுவோம். அந்த ஷட்டர் குழந்தையின் விரலுக்காகவும் ஹேர்பின்னுக்காகவும் வைத்தது. அதைப் பழக்கமாகத் திறந்து பழகினால் ஸ்பிரிங் போய்விடும். டூ பின்னும் ஏறும்படியான சாக்கெட் உள்ள ஸ்பைக் பஸ்டரைக் கடையில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

பல்பு ஹோல்டரில் மாட்டும் பிளக் கிடைக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமா?

ஐந்து வாட் கேமராவுக்கு ஓரிரு நாள் சமாளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். எர்த் கிடையாது. லைட் ஸ்விட்சை யாராவது அணைத்தால் கேமராவும் சேர்ந்து அணைந்துவிடும். குழந்தை தூங்கிவிட்டாளே என்று பாட்டி அன்பாக லைட்டை அணைப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் உங்களுக்குக் கேமரா வேண்டும்.

ஏ.சி.யின் 15 ஆம்ப்ஸ் பிளக்கிலிருந்து எடுக்கலாமா?

கூடாது. அது ஏ.சி.க்கு மட்டும். அங்கே கன்வெர்ட்டர் போட்டு இரண்டையும் ஓட்டுவது தீப்பிடிக்க வழி. ஏ.சி.யே இல்லாத அறையில் அந்த பாயிண்ட் சும்மா இருந்தால் மட்டும், 5 ஆம்ப்ஸ் பின்னும் ஏறும் காம்பினேஷன் சாக்கெட்டாக மாற்றச் சொல்லிப் பயன்படுத்திக்கொள்ளலாம். உயரத்தில் இருப்பதால் கேமராவுக்கு அது அருமையான இடம்.

நீளமான யூ.எஸ்.பி. வயர் வாங்கினேன். பகலில் நன்றாக ஓடுகிறது, ராத்திரியில் மட்டும் கேமரா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருகிறது. ஏன்?

வயர்தான் காரணம். கேமராவுக்கு வேண்டியது 5 வோல்ட். மெல்லிய வயர் ஐந்து மீட்டர் போனால், போக ஐந்து, வர ஐந்து என்று பத்து மீட்டர் செம்பைக் கரண்ட் கடக்கிறது. மலிவான வயரில் அந்தச் செம்பு தலைமுடி போல இருக்கும். அரை ஆம்பியர் ஓடினாலே ஒரு வோல்ட் வழியிலேயே கரைந்து, கேமராவுக்கு நாலு வோல்ட்தான் போய்ச் சேரும். பகலில் எப்படியோ சமாளிக்கும். இருட்டியதும் உள்ளே இருக்கும் இன்ஃப்ராரெட் எல்.இ.டி.க்கள் எரியத் தொடங்கும், கரண்ட் தேவை கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும், கேமரா அணைந்து மறுபடி உயிர் பெறும். ராத்திரி முழுக்க இதே கதைதான். அடாப்டரைக் குறை சொல்லி நானும் இரண்டு அடாப்டர் மாற்றிப் பார்த்தவள்.

யூ.எஸ்.பி. வயரை இரண்டு மீட்டருக்குள் நிறுத்துங்கள், மூன்று மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் தூரமிருந்தால் 230 வோல்ட்டை கேமராவுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். அதாவது, லாஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வயர் வாங்கினால் விலையைப் பார்த்து மட்டும் எடுக்காமல், தடிமனான பவர் வயராகக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக ஒரு பாயிண்ட் போட எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்ல வேண்டும்?

சுவரை வெட்ட வேண்டாம், கேசிங் கேப்பிங் போதும் என்று சொல்லுங்கள். வெள்ளைப் பட்டையைச் சுவரோடு ஒட்டி மேலே கொண்டுபோய், லாஃப்ட்டுக்குக் கீழே ஸ்விட்சோடு சேர்ந்த சாக்கெட் பாக்ஸ் ஒன்று வைப்பார். 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்றும் வர வேண்டும். எர்த்தை மட்டும் விட்டுவிடுவது சில பேர் வழக்கம், கூடவே நின்று கேளுங்கள். முடிந்ததும் டெஸ்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்: எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி பார்த்தால் வலது ஓட்டையில் எரிய வேண்டும், ஸ்விட்சை அணைத்தால் அணைய வேண்டும்.

அவர் வந்திருக்கும்போதே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிடுங்கள். இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் டக்கென்று விழ வேண்டும். பழைய மாம்பலம், திருவல்லிக்கேணி வீடுகளில் ஃபியூஸ் கட்டை மட்டுமே இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் மானிட்டரைவிட இது முக்கியம். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் ஆர்.சி.சி.பி.யையே வாங்குங்கள்.

பவர் பேங்கில் ஓட்டினால் பிளக்கே வேண்டாமே?

பகல் தூக்கத்துக்கு நல்ல யோசனை. 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 37 வாட் மணி. 5 வோல்ட்டாக மாறும்போது ஒரு பங்கு வீணாகி 30 வாட் மணி அளவுக்குக் கையில் வரும். கேமரா சராசரியாக 3 வாட் எடுத்தால் பத்து மணி நேரம் ஓடும்.

சார்ஜ் ஏறிக்கொண்டே கேமராவுக்கும் கொடுக்கும் வசதி எல்லாப் பவர் பேங்கிலும் இல்லை, அட்டையில் பார்த்து வாங்குங்கள். அதை லாஃப்ட்டிலோ பீரோ மேலோ கேமராவுக்குப் பக்கத்தில் வையுங்கள். மெத்தை மேல், தலையணை அடியில் ஒருபோதும் வேண்டாம். பேட்டரிக்குச் சூடு ஆகாது, வெயில் விழும் ஜன்னலோரமும் கூடாது.

கரண்ட் போனால்?

இதற்குத்தான் நம் ஊரில் அதிகம் யோசிக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈ.பி.யில் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை நிறுத்துவார்கள். முதல் நாளே பேப்பரில் ஏரியா பெயர் வந்துவிடும். குழந்தையின் காலைத் தூக்கமும் அதே நேரம்தான்.

வைஃபை கேமரா ஓட மூன்று பொருளுக்குக் கரண்ட் வேண்டும்: கேமரா, ரவுட்டர், ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதுவும். கேமராவுக்குப் பவர் பேங்க் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்தால் பயனில்லை. ரவுட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கென்றே சின்ன யூ.பி.எஸ். விற்கிறார்கள். ரவுட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதோடு பொருந்த வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் போகும், பிளக்குக்குப் போகாது. மெயினை அணைத்துவிட்டு அந்தப் பிளக்கில் போன் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் எலக்ட்ரீஷியன் அந்த பாயிண்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிக் கொடுப்பார்.

கரண்ட் திரும்பி வரும்போதும் ஒரு சிக்கல். கேமரா அரை நிமிடத்தில் எழுந்துவிடும், ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சில கேமராக்கள் அதற்குள் தேடிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோகும். உங்களுடையது எப்படி என்று ஒரு தடவை வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரண்ட் வரவேயில்லை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

2016 வர்தாவிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, போன் டவரும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் மானிட்டரை மறந்துவிட்டுக் குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கொசுவலை போட்டால் திரை முழுக்க வெள்ளையாகத் தெரிகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. கேமராவிலிருந்து போகும் இன்ஃப்ராரெட் வெளிச்சம் வலையின் நூலில் பட்டுத் திரும்பி அதன் கண்ணையே கூசச் செய்கிறது. பனிமூட்டத்தில் ஹெட்லைட் போட்டது மாதிரி. முதல் ராத்திரி எனக்குத் திரையில் வெண்புகை மட்டும்தான் தெரிந்தது, நடுவில் எங்கோ குழந்தையின் கை ஒரு நிழலாக அசைந்தது.

ஆப்பில் நைட் விஷனை அணைத்துவிட்டு, அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பைப் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் முகம் தெரியும். கேமராவை வலையை விட்டு எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வலைக்கு உள்ளே வைத்தால் வயரும் உள்ளே போய்விடும், அது கூடவே கூடாது.

வலையை விட்டுவிடாதீர்கள். டெங்கு உள்ள ஊர் இது, கைக்குழந்தைக்கு வலையைப் போல வேறில்லை. வலை இருந்தால் கொசு மெஷினைக் கழற்றிவிடலாம், ஒரு பிளக்கும் மிச்சமாகும். எங்கள் வீட்டில் கேமராவுக்கு இடம் கிடைத்ததே அப்படித்தான்.

வைஃபை கேமராவா, தனித் திரையோடு வரும் மானிட்டரா?

தனித் திரையோடு வருவதற்கு இணையம் வேண்டாம், ரவுட்டர் வேண்டாம். திரையில் பேட்டரி இருக்கும், இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். பாட்டி, தாத்தா பார்த்துக்கொள்ளும் வீட்டில் இதுதான் சுலபம். ஆனால் திரையைச் சார்ஜ் போட இன்னொரு பிளக் வேண்டும். ஹாலில் அது கிடைக்கும் என்றால் கவலையில்லை.

வைஃபை கேமரா என்றால் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேரும். முதல் தடவை இணைக்கும்போது போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பல மாடல்கள் தகராறு செய்யும். பழைய வீட்டின் ஒன்பது இன்ச் சுவரைத் தாண்டவும் 2.4 தான் சரி. போனில் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும், அதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து அண்ணி கொண்டு வந்த மானிட்டரை இங்கே மாட்டலாமா?

அடாப்டரின் முதுகைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் மாட்டலாம். 120 மட்டும் இருந்தால் செருகிய நொடியில் புகைந்துவிடும். தட்டைப் பின்னுக்குப் போடும் கன்வெர்ட்டர் ஆடாமல் உட்கார வேண்டும். சத்தம் மட்டும் கேட்கும் அமெரிக்க மானிட்டர்களில் 1.9 கிகாஹெர்ட்ஸில் ஓடும் டெக்ட் (கார்ட்லெஸ் போன் முறை) வகை உண்டு. அந்த அலைவரிசை இங்கே செல்போன் சேவைக்குள் விழுகிறது, அதைப் பயன்படுத்த வேண்டாம்.

பழைய போனையே கேமராவாக வைத்தால்?

ஒரு வாரம் பயணத்துக்குச் சரி. மாதக்கணக்கில் சார்ஜில் போட்டு ஓட்டினால், அதுவும் மே மாதத்தில், பேட்டரி உப்பிவிடும். முதுகு மூடி கொஞ்சம் தூக்கியிருப்பதைப் பார்த்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நான் பால் கொடுப்பதும் கேமராவில் தெரியுமே?

தெரியும். இதைப் பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். லாஃப்டிலிருந்து பார்க்கும் கேமரா குழந்தையை மட்டும் பார்க்காது. லென்ஸை மூடிக்கொள்ளும் வசதி உள்ள கேமராவாக வாங்குங்கள், அல்லது ஸ்பைக் பஸ்டரில் அதற்கு மட்டும் தனி ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போகும்போது அணைத்துவிட்டு, வெளியே வரும்போது போடலாம். ஆப் யார் யார் போனில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் யாராவது "நானும் பேத்தியைப் பார்க்கிறேனே" என்று கேட்டால், ஆப்பைக் கொடுக்காமல் வீடியோ கால் செய்து காட்டுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். ஓ.டி.பி. கேட்டு உள்ளே விடும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். ஆப் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். வைஃபை பாஸ்வேர்டைப் பக்கத்து போர்ஷனுக்குக் கொடுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மூச்சைக் கவனிக்கும் சென்சார் மானிட்டர் வாங்கலாமா?

திடீர் சிசு மரணத்தைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். நான் மேலே சொன்ன மருத்துவர்கள் சங்கம் அந்த நோக்கத்துக்காக இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. குறைப்பிரசவம், மூச்சுத் திணறல் என்று காரணம் இருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

5 வாட் கேமரா நாள் முழுக்க ஓடினால் 0.12 யூனிட். இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 7 யூனிட்.

எப்போது கழற்றுவது?

எங்கள் மகள் ஒன்றே முக்கால் வயதில் ஒரு மதியம் தானாக எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். திரையில் வெறும் பாய். அந்த வாரமே கழற்றினேன். லாஃப்ட் அருகே போட்ட பாயிண்டை ஓனர் மாமி அப்படியே இருக்கட்டும் என்றார்கள். கிளிப் ஆணி ஓட்டைகளை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டோம்.